என்ன சாப்பிடும்?

பல்லின் அடிப்பகுதியை இடது மணிக்கட்டின் உள்தோலில் வைத்துக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பாக இழுத்துப் பார்க்கிறார் கன்னையா. வாழைப்பழ நீளத்தில், நுனி உள்நோக்கி வளைந்த பல். தோல் எங்காவது பிடித்தால் நிறுத்துவார். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி இழுப்பார். வழுக்கிக்கொண்டு போனால்தான் அடுத்த பல்லை எடுப்பார். இந்தப் பல் எந்த வாயையும் குத்தப்போவதில்லை. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு கடல் ஊர்வனவின் பைபர் தாடையில் இதை ஒட்டி, கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் கூரையிலிருந்து தொங்கவிடப் போகிறார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத உயரத்தில், ஒட்டுக்குள் மறைந்துவிடப் போகிற அடிப்பகுதி அது.

பட்டறை முதலாளி விமலன் இதைப் பற்றிப் பல தடவை கேட்டிருக்கிறார். “ஏன்ணே, அதுக்கு ஈறு வலிக்கும்னு பயப்படுறீங்களா?”

“பழக்கம் லா” என்பார் கன்னையா. தலை நிமிராது.

பட்டறை கிள்ளானில், காப்பார் சாலையில், ஒரு லோரி டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு இங்கே தண்ணீர்த் தொட்டிகள் செய்தார்கள். பிறகு கோயில்களுக்குத் துவாரபாலகர்கள் செய்தார்கள். இப்போது கடல் விலங்குகள். தகரக் கூரைக்குக் கீழே கழுத்துகள் தனியாக, உடல்கள் தனியாக, துடுப்புக்கால்கள் படகு வலிப்பவர்கள் போட்டுவிட்டுப் போன துடுப்புகள் மாதிரி சுவரோரம் சாத்தப்பட்டுக் கிடக்கின்றன. ரெசின் வாடை நுழைந்தவுடன் கண்ணைக் கரிக்கும். கன்னையாவுக்கு அது உறைப்பதில்லை. அவர் கைகளின் தோல் ரெசினும் அசிட்டோனும் பட்டுப் பட்டு, காய்ந்த மாங்கொட்டை போல ஆகிவிட்டது.

அறுபதைத் தாண்டிய மெலிந்த ஆள். சட்டைப்பையில் ஒரு சிறு மெழுகுக் கத்தி எப்போதும் இருக்கும். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். முதல் தடவை பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். பேசி முடித்து நாம் கிளம்பும்போது, “மேல வலது பக்கம் கடைசிக்கு முந்தினது, பார்த்துக்குங்க” என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் அவர் வாலிபத்திலிருந்து வேலை செய்தவர். டாக்டர் முன்னறையில் அளவு எடுப்பார். கன்னையா பின்னறையில் பல்செட்டு கட்டுவார். கிள்ளானிலிருந்து ரயிலில் போய் ரயிலில் திரும்புவார். நோயாளியிடம் அவர் பேசும் ஒரே சந்தர்ப்பம், திரையை விலக்கித் தலையை நீட்டி ஒரு கேள்வி கேட்பதுதான்: “என்ன சாப்பிடணும்?” முறுக்கு என்று ஒருவர் சொல்வார். கச்சாங் கடலை என்று ஒருவர். ஆட்டெலும்பு கடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது என்று ஓர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். சாப்பாடு எதுவும் முக்கியமில்லை, பேரன் கல்யாணப் படத்தில் வாய் பொக்கையாகத் தெரியக்கூடாது என்று ஒரு பாட்டி. ஒவ்வொரு பதிலுக்கும் பல்லின் உயரம் மாறும், முகடு மாறும், கடி மாறும். பதில் கிடைக்காமல் அவர் மெழுகைச் சூடாக்கியதில்லை. டாக்டர் இறந்ததும் கடை வேறு கைக்குப் போனது. விமலனின் அம்மாவுக்குச் செட்டு கட்டியவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தார்.

வந்ததும் அவர் செய்த முதல் தாடை இன்னும் பட்டறையின் மூலையில் சங்கிலியில் தொங்குகிறது. மொசசோர் என்று பெயர். பல்லி, உடும்பு வகைக்கு உறவான, பேருந்து நீளக் கடல் வேட்டை விலங்கு. படத்தைப் பார்த்துப் பற்களை எல்லாம் சரியாகத்தான் வார்த்தார். வரிசையில் வைக்கும்போதுதான் அவர் கை பழைய வேலைக்குப் போய்விட்டது. பல் கட்டுகிறவருக்கு வாய் என்றால், மூடும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்க வேண்டும். அவர் இரண்டு தாடைகளுக்கும் நடுவே கார்பன் தாளைப் பரப்பி, கடிக்கவைத்து, கறை பட்ட நுனிகளை எல்லாம் தேய்த்து, மேலும் கீழும் ஒன்றோடொன்று சமமாக உட்காரும்படி செய்துவிட்டார். முன்பற்கள் நான்கைக் கொஞ்சம் அகலமாகவும் வைத்துவிட்டார். சங்கிலியில் தூக்கி நிறுத்தியபோது கடற்பல்லி சிரித்தது. கல்யாண வீட்டுக்குப் புது செட்டோடு வந்து நிற்கும் பெரியப்பாவின் சிரிப்பு.

விமலன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணே, வேட்டி கட்டிவிட்டா இதைப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போயிடலாம் லா.”

கன்னையா சிரிக்கவில்லை. தாடையை விரலால் அழுத்தித் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். கடி சரியாகத்தான் இருக்கிறதே என்றார்.

அன்று மாலை நிலானி வந்து விளக்கினார். நிலானி பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறார். பேரங்காடிக் கண்காட்சிக்கு ஆலோசகர். இவை டைனோசர்கள் இல்லை என்பதை வருகிற போகிற எல்லோரிடமும் சொல்வார், விமலனிடம் தினமும் சொல்வார். தரையில் வாழ்ந்த ஊர்வனவற்றில் சில கிளைகள் வெவ்வேறு காலங்களில் கடலுக்குத் திரும்பிப் போயின. கால் துடுப்பானது. உடல் மீன்போல ஆனது, அல்லது ஆமைபோல, அல்லது கழுத்தே உடம்பைவிட நீளமாக. மூச்சுக்கு மட்டும் கடைசிவரை மேலே வந்தன. இந்தக் கூரையின் கீழ் ஒன்றாகக் கிடப்பவற்றில் பாதி மற்ற பாதியைப் பார்த்ததே இல்லை. நடுவே பல கோடி ஆண்டுகள்.

கன்னையா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது என்ன சாப்பிடும்மா?” என்றார், சிரிக்கிற தாடையைக் காட்டி.

“எல்லாம் சாப்பிடும் அங்கிள். மீன், ஆமை, இன்னொரு மொசசோர். ஆனா மெல்லாது. புடிக்கும், கிழிக்கும், அப்படியே முழுங்கிடும். அதனால பல்லுங்க மீட் பண்ண வேணாம். ஒண்ணுக்கு நடுவுல ஒண்ணு போகணும்.”

“மெல்லவே மெல்லாதா?”

“மெல்லாது.”

மெல்லாத வாய்க்கு அவர் அதுவரை பல் கட்டியதில்லை. அந்தச் செய்தியோடு அவர் பழகச் சில நாள் ஆயிற்று. அதற்கப்புறம் அவர் தவறு செய்யவில்லை. புதிய படம் வந்தால் அதே கேள்வி. நிலானி பதில் சொல்வார். தெரியாததற்குத் தெரியாது என்பார். தெரியாது என்ற பதில் கன்னையாவை வாட்டும். அந்த விலங்கைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்.

இப்படி ஓர் ஆண்டுக்குள் அவர் அந்தக் கடலை வாய் வழியாகவே தெரிந்துகொண்டார். மீன்வடிவ இக்தியோசோருக்குப் பற்கள் குழியில் இல்லை, நீளமான ஒரே பள்ளத்தில் நட்டவை. மெழுகு வரம்பில் வரிசையாகப் பல் பதிப்பதும் அப்படித்தான் என்பதால் அதைச் சொந்தக்காரனைப் போல நடத்துவார். நீளக்கழுத்து பிளீசியோசோருக்கு ஊசிப்பற்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். வாய் மூடினால் மீன்கூடு. கட்டைக்கழுத்து பிளையோசோரின் பல்லில் நெடுக வரிகள் ஓடும். அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறுவார். மொசசோரின் மேலண்ணத்தில், உள்ளே, இன்னொரு வரிசைச் சிறு பற்கள் இருந்தன, பிடித்த இரை பின்னால் நழுவாமல் தொண்டைப் பக்கம் இழுக்க. கீழே நின்று பார்ப்பவனுக்கு அவை தெரியப்போவதில்லை, விட்டுவிடலாம் என்று விமலன் சொன்னார். கன்னையா அவற்றையும் செய்தார். இவற்றுக்கெல்லாம் பல் விழ விழச் சாகும்வரை முளைத்துக்கொண்டே இருக்கும் என்று நிலானி ஒருநாள் சொன்னபோது மட்டும் உப்புத்தாளைக் கீழே வைத்தார். “சாகுற வரைக்குமா” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பல்லைக் கூடுதலாக வார்ப்பார். அது சட்டைப்பையில் வீட்டுக்குப் போகும். முழு அளவில் பைக்குள் அடங்காதவற்றுக்குச் சின்னதாக ஒன்று செய்துகொள்வார். வீட்டில் அதை மனைவி புஷ்பவல்லியின் உள்ளங்கையில் வைப்பார். அவர் கண்ணை மூடி, விரலால் நுனியைத் தடவி, முகட்டைத் தடவி, அது என்ன சாப்பிட்டிருக்கும் என்று சொல்ல வேண்டும். இருவருக்கும் இது விளையாட்டு. பல் கட்டுகிறவரோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தவர். அநேகமாகச் சரியாகச் சொல்லிவிடுவார். பிளாக்கோடஸ் என்று ஒன்று, சிப்பி நொறுக்கித் தின்றது. அதன் கடைவாய்ப்பல் கறுத்த கூழாங்கல் மாதிரி தட்டையாக இருக்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது பாக்கு இடிக்கிற ஜாதி. என்னை மாதிரி” என்றாராம்.

அதைச் சொல்லும்போது கன்னையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். புஷ்பவல்லி கேரித் தீவில், தோட்டத்தில் பிறந்தவர். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் புல்வெட்டப் போனபோதே வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கப் பழகியவர். அந்தக் கன்னத்தில்தான் புற்று வந்தது. வலது கீழ்த்தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். கதிர்ச் சிகிச்சை கொடுக்குமுன் மிச்சமிருந்த பற்களையும் எடுக்க வேண்டும் என்று எடுத்தார்கள். ஊரெல்லாம் செட்டு கட்டிய கணவருக்குச் சொந்த வீட்டில் வேலையே இல்லாமல் வைத்திருந்த பற்கள், இடது பக்கம் ஒரு தெத்துப்பல்லோடு, ஒரே காலையில் போயின. இப்போது நோய் கழுத்தில் திரும்ப வந்திருக்கிறது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் போட்ட குழாய் வழியாகப் பால் போகிறது. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. கீழுதடு எச்சிலைத் தாங்குவதில்லை. யார் வந்தாலும் ஒரு சின்னத் துண்டை வாயின் மேல் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

அவர் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். கண்காட்சியைப் பற்றி எழுதப் பட்டறைக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு அதைக் கன்னையா சொன்னது, பிளையோசோர் பல்லில் வரி கீறிக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில்.

இந்த வருட ஆரம்பத்தில் புஷ்பவல்லியின் அக்கா கேரித் தீவில் இறந்துபோனார். அந்த அம்மாளுக்கும் செட்டு கட்டியது கன்னையாதான். ஆஸ்பத்திரியில் கழற்றி ஏதோ தாளில் சுற்றி வைத்தது எங்கோ தவறிவிட்டது. வாசலில் கிடத்தி வாய்க்கரிசி போட வரிசையாக வந்தவர்கள், அந்தக் குழிந்த வாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசியை வீசாத குறையாகப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு குழந்தை பயந்து அலறியது. புஷ்பவல்லி துண்டால் தன் வாயை மூடிக்கொண்டு வரிசையில் வந்து அக்காவுக்கு அரிசி போட்டார். அரிசி வாயில் நிற்காமல் கன்னத்து மடிப்பு வழியாகக் காதுப் பக்கம் சரிந்தது. வீட்டுக்கு வந்ததும் தனக்கு ஒரு செட்டு வேண்டும் என்றார்.

மனைவி தானாக வாய்திறந்து ஒன்று கேட்டதில் கன்னையாவுக்குச் சந்தோஷம். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: “என்ன சாப்பிடணும், சொல்லு.”

“அரிசி.”

“சோறா?”

“அரிசி. கடைசியா நீங்க போடுறது. மெல்ல வேணாம். போட்டா நின்னாப் போதும்.”

கன்னையா கத்தியை வரியில் வைத்தபடியே இருந்தார். கீறவில்லை. “சாப்பிடறதுக்குன்னா நாளைக்கே கட்டிருவேங்க. பால் பிஸ்கட்டு போதும்னு சொல்லட்டும், கட்டிருவேன். உயிரோட உக்காந்திருக்கிறவளுக்கு இதை எப்படிக் கட்டுறது?”

அதனால் அவர் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வீக்கம் வடியட்டும் என்றார். கதிர் பட்ட ஈறு, அச்சு எடுத்தால் புண்ணாகும் என்றார். வாய் இன்னும் ஒரு விரல் திறக்கட்டும் என்றார். வேறு எந்த மனைவியும் நம்பியிருப்பார். இவர் அந்தப் பின்னறையின் கதைகளை எல்லாம் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர். எது சாக்கு என்று தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் மறுபடி கேட்பார். கன்னையா பட்டறைக்கு நேரத்தோடு போகத் தொடங்கினார். யாரும் பார்க்கப்போகாத கடைவாய்ப்பற்களுக்கு எல்லாம் மூன்று பூச்சு பூசினார். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கண்காட்சி திறக்க வேண்டும் என்று விமலன் கத்திக்கொண்டிருந்தார். கன்னையா வேலையை முடிக்கவே விரும்பவில்லை போலத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக வந்தது ஹூபேசூக்கஸ். சீனாவில் கிடைத்தது. ஏறக்குறைய இருபத்தைந்து கோடி ஆண்டுப் பழையது. ஆள் உயரம்கூட இல்லாத, கூம்பு மூக்குக்காரச் சின்ன விலங்கு. நிலானி படத்தை மேசையில் விரித்தார். கன்னையா வாயைத் தேடினார்.

“இதுக்குப் பல்லே கிடையாது அங்கிள்.”

“விழுந்திருச்சா?”

“இல்ல, இல்லவே இல்ல. வாய் நிறையத் தண்ணிய எடுத்து, சின்னச் சின்னப் பூச்சி மாதிரி எறால் மாதிரி இருக்கிறத வடிகட்டிக் குடிச்சிருக்கும்னு நினைக்கிறோம்.”

“குடிச்சே வாழ்ந்துச்சா?”

“ஆமா அங்கிள்.”

“நல்லா வாழ்ந்துச்சா?”

நிலானிக்கு வீட்டு விஷயம் தெரியும். படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டார். பிறகு, “கடல்ல கொஞ்ச காலம்தான் இருந்துச்சு. இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார். கன்னையா அந்த வாய்க்கு வெறும் ஈறு செய்துகொடுத்தார். ஈறு நிறப் பொடியைக் குழைத்து, கதுப்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி. ஒரு மத்தியானத்து வேலைகூட இல்லை.

அன்று மாலை அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். கிள்ளானில், மலிவு விலை அடுக்குமாடியில் நான்காவது மாடி. ஜன்னலோரம் கட்டில். தலையணைகளில் சாய்ந்து புஷ்பவல்லி உட்கார்ந்திருந்தார். முகத்தின் ஒரு பாதி அழகான அம்மாளின் முகம். மறு பாதியைத் துண்டு மறைத்திருந்தது. மருந்து வாடைக்கு மேல் ஊதுவத்தி வாடை. அவர் பேசுவது எனக்குப் புரியாது என்று கன்னையா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். “கோப்பி குடிக்கிறீங்களான்னு கேக்குறா.” “எந்த ஊருன்னு கேக்குறா.” “நீங்க ரொம்ப ஒல்லியா இருக்கீங்களாம், அதை நான் சொல்லணுமாம்.” துண்டுக்கு மேலே கண்கள் சிரித்தன.

பிறகு அந்த அம்மாள் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். கன்னையா சட்டைப்பையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். இன்றைக்கு வந்தது பல்லில்லாத ஜாதி, கொண்டுவர ஒன்றுமில்லை என்றார்.

“என்ன சாப்பிடுமாம்னு கேக்குறா” என்றார் என்னிடம். மனைவியிடம் திரும்பி, தண்ணியை வடிகட்டிக் குடிக்குமாம் என்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. புஷ்பவல்லி இன்னும் ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாக. கன்னையா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கோப்பி கலக்கப் போவதாகச் சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

புஷ்பவல்லி என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து மடியில் வைத்தார். இல்லாத தாடையின் பக்கம் தோல் உள்ளே போயிருந்தது, கழுத்துக் கட்டி வெளியே வந்திருந்தது. எனக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் அதற்காக இரக்கப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக, நான் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்து, சமையலறைக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கோடி வருசத்துக்கு முன்ன செத்ததுக்கெல்லாம் பல்லு கட்டுறாரு. எனக்குன்னாதான் கை வரல.”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கோப்பி வரவில்லை. வெகு நேரம் கழித்துத் தண்ணீர் நின்றது. கன்னையா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து கட்டிலுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டார். என் பக்கம் பார்க்கவில்லை.

“வாயத் தொறம்மா” என்றார். மனைவியிடம் அவர் பேசியது போலவே இல்லை. திரையை விலக்கித் தலையை நீட்டியவரின் குரல்.

அவர் திறந்தார். இரண்டு விரல் அகலம். கன்னையா சுண்டுவிரலை உள்ளே விட்டு மேலண்ணத்தின் வளைவை மெதுவாகத் தடவி, பின்னால் போகும்வரை போய், இடது பக்கம் ஓர் இடத்தில் நிறுத்தினார். தெத்துப்பல் இருந்த இடம் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு பட்டறைக்குப் போனபோது கூரையின் கீழ் இடம் காலியாக இருந்தது. விலங்குகள் எல்லாம் லோரியில் கோலாலம்பூருக்குப் போய்விட்டன. நீளக்கழுத்தின் கழுத்து பெடரல் நெடுஞ்சாலையில் தார்ப்பாயை மீறி நீட்டிக்கொண்டு போனதாம், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் படம் எடுத்தார்களாம். மிஞ்சியது மூலையில் சிரிக்கிற தாடை மட்டும். அதன் கீழே ஸ்டூலில் கன்னையா. அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். பெரும்பாலும் தூக்கம், மருந்து கூடிவிட்டது என்றார். விழித்தால் செட்டு ஆயிற்றா என்று கேட்பதாகச் சொன்னார்.

கைக்குட்டையைப் பிரித்தார். மேல்தட்டு ஒன்று. கீழே பாதித்தட்டு ஒன்று. வாய் திறக்காததால் அச்சை இரண்டு துண்டாக எடுத்து வெளியே பொருத்தினாராம். கீழ்த்துண்டு பல்லுக்காகக்கூட இல்லை, உள்ளே போன கன்னத்தைத் தாங்க. “தாங்குனாத்தான் நிக்கும்” என்றார். மேல்தட்டில் இடது பக்கம் ஒரு பல் வரிசையை விட்டுச் சற்று முன்னால் ஏறி, பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்திருந்தது. ஆயுள் முழுக்கக் கோணலை நேராக்கியவர், இந்த ஒன்றைப் பழைய கல்யாணப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோணலாக வைத்திருந்தார்.

விமலன் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உள்ளே வந்தார். தட்டைப் பார்த்ததும் கேலிக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு, ஒரு பொட்டலத்தை ஸ்டூலின் அருகே வைத்துவிட்டு வெளியே போனார்.

கன்னையா தட்டின் உள்பக்கத்தை இடது மணிக்கட்டில் வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. திருப்பி, விளிம்பை இழுத்தார். அதுவும் போனது. அவர் நம்பவில்லை. மணிக்கட்டைப் பார்த்தார், ரெசினில் காய்ந்து வெடித்த தோலை. “இது இப்பல்லாம் பொய் சொல்லுது” என்றார்.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்களை மூடிக்கொண்டு, தட்டின் விளிம்பை இடது இமையின் மேல் வைத்து, மூக்கிலிருந்து காது வரை மிக மெதுவாக இழுத்தார். பாதி வழியில் கை நின்றது. அங்கேயே கட்டைவிரல் நகத்தால் அடையாளம் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே, மறு கையால் உப்புத்தாளைத் தேடினார்.